அடுத்த புளோக்கில்தான் கஞ்சா

எங்கள் வட்டாரத்தில் கஞ்சா என்ற பேச்சே இல்லை என்று, கஞ்சா ஒழிப்புக்குப் பணம் கேட்கும் விண்ணப்பத்திலேயே எழுதி அனுப்பிய ஊராட்சி அலுவலகம் எங்களுடையதாகத்தான் இருக்கும். எழுதியவன் நான். எழுத வைத்தவர் என் மேலதிகாரி.

பாயான் பாரு பக்கத்தில் ஒரு சின்னக் கிளை அலுவலகத்தில், சமூகப் பிரிவில் எனக்கு வேலை. கொசு ஒழிப்பு, முதியோர் தினம், கூட்டுத் துப்புரவு என்று எதையாவது நடத்தி, படம் எடுத்து, மலாயில் அறிக்கை எழுதி மேலே அனுப்பவேண்டும். வீடு கடலுக்கு அந்தப் பக்கம், பட்டர்வொர்த் பாகான் டாலாமில். காலையில் மோட்டார் சைக்கிளில் பாலத்தைக் கடந்து, தொழிற்சாலை பஸ்களுக்கு நடுவே நெளிந்து வந்து சேர்கிறவன்.

மேலதிகாரி ஒரு தமிழ்ப் பெண்மணி. கூட்டங்களில் மலாய் மரியாதைக்கு அவர் எனக்குப் 'புவான்'. தனியாக இருக்கும்போது 'அக்கா'. என் தலை பாதி நரைத்துவிட்டது, இருந்தாலும் அவருக்கு நான் 'தம்பி'தான். பாயான் பாருவிலேயே வளர்ந்து, அங்கேயே கல்யாணம் செய்து, அங்கேயே வரிசை வீடுகளில் ஒரு மாடிவீடும் வாங்கியவர். அந்த வட்டாரத்தைப் பற்றி யாராவது குறை சொன்னால், தன் சமையலைக் குறை சொன்ன மாதிரி முகம் மாறிவிடும். கெட்டது எதுவும் பாலத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்துதான் வருகிறது என்பது அவருடைய உறுதியான நம்பிக்கை. ஸ்டேப்ளர் காணாமல் போனாலும் முதலில் என் பக்கம் திரும்பி, "பட்டர்வொர்த் கைவரிசையா தம்பி?" என்று கேட்பார்.

அப்படிப்பட்டவர் கையில்தான் அந்தச் சுற்றறிக்கை வந்து விழுந்தது. குடியிருப்புப் பகுதிகளில் வாடகை வீடுகளை எடுத்துத் திருட்டுத்தனமாகக் கஞ்சா வளர்ப்பதும் விற்பதும் கூடிவருவதால், அதைத் தடுக்க ஊராட்சி அலுவலகங்களுக்கு மானியம் தருகிறார்களாம். பின்சந்துகளுக்கு விளக்கு, காமிரா, குடும்பங்களுக்கு ஆலோசனை என்று எதற்கும் கேட்கலாம். ஆனால் இரண்டு நிபந்தனைகள். பிரச்சினை எவ்வளவு என்று காட்டவேண்டும். குடியிருப்பாளர்கள் வாயாலேயே அது வரவேண்டும்.

மேலதிகாரிக்குப் பின்சந்து விளக்குகள்மேல் வெகுநாளாகக் கண். "போடுவோம் தம்பி. லைட்டு கெடைக்கும், காமிரா கெடைக்கும். ஆனா ஒன்னு, நம்ம ஏரியா பேரு மட்டும் கெடக் கூடாது" என்றார்.

நோயாளி என்று சொல்லாமல் மருந்து வாங்கித் தா என்கிறார். நான் தலையை ஆட்டினேன்.

முதல் கூட்டத்தைப் பொதுமண்டபத்தில் வைத்தோம். கறிபாப்பும் தேத்தண்ணீரும் இருந்ததால் கூட்டத்துக்குக் குறைவில்லை. எல்லாரும் பேசினார்கள். ஃபிளாட்டின் முதல் புளோக்கில் இருந்தவர்கள், தங்களிடம் அப்படி எதுவும் இல்லை, நடுப் புளோக்கைப் பார்க்கச் சொன்னார்கள். நடுப் புளோக் கடைசிப் புளோக்கைக் காட்டியது. கடைசிப் புளோக்கில் எல்லாம் ஷிஃப்ட் வேலைக்காரர்கள், தூங்கவே நேரமில்லை என்று ஓர் அம்மா எழுந்து நின்று சொல்லி, கைகாட்டிய இடம் வரிசை வீடுகள். வரிசை வீட்டுக்காரர்கள் சிரித்துக்கொண்டே ஃபிளாட்டைக் காட்டினார்கள். கடைசியில் எல்லாரும் ஒரே குரலில் ஒத்துக்கொண்டது, இதெல்லாம் வெளியூர்க்காரர்கள் வேலை என்பது. மறுநாள் குறிப்பைத் தட்டச்சு செய்யும்போது பார்க்கிறேன், கஞ்சா ஒவ்வொரு புளோக்காக நடந்து, பாலம் ஏறி, நேராக என் வீட்டுப் பக்கம் போய்க்கொண்டிருக்கிறது.

அந்தக் கூட்டத்தில் இதைச் சும்மா விடக்கூடாது என்று எழுந்தவர் குடியிருப்பாளர் குழுத் தலைவர் மட்டுமே. ஃபிளாட்டுக்குக் கீழே நாசி கண்டார் சோற்றுக்கடை வைத்திருப்பவர். எல்லாருக்கும் அவர் பாய். சோற்றில் குழம்பு ஊற்றும்போது இருக்கும் தாராளம் அவருடைய சமூக சேவையிலும் உண்டு. வாட்ஸ்அப்பில் ஒரு குழு ஆரம்பித்து, ஃபிளாட் முழுவதையும் அதில் சேர்த்துவிட்டார். "எல போட்டோவ மட்டும் போட்டு விடுங்க தம்பி. மீதிய நாங்க பாத்துக்கிறோம்" என்றார். நானும் போலீஸ் கையேட்டில் இருந்த கஞ்சா இலைப் படத்தை நம்பிப் போட்டேன்.

அன்று மதியத்திலிருந்து என் கைப்பேசி சூடாகவே இருந்தது. மரவள்ளி இலை வந்தது. பப்பாளிக் கன்று வந்தது. யாரோ ஒருவருடைய பாத்தேக் சட்டையில் இருந்த பூவேலை வந்தது. ஒரு காடியின் கண்ணாடியில் தொங்கிய இலை வடிவ வாசனை அட்டையைக் கிட்டப் போய்ப் படமெடுத்து, நம்பர் பிளேட்டோடு அனுப்பியிருந்தார்கள். எல்லாம் அடுத்த புளோக்கில் எடுத்த படங்கள்.

அதற்கெல்லாம் பதில் சொல்லி முடிப்பதற்குள், பாய் தானே ஒரு படம் அனுப்பினார். நடுப் புளோக், ஐந்தாம் மாடி நடைபாதை. பெயின்ட் வாளிகளில் இடுப்பளவு வளர்ந்த செடிகள். விரல் விரித்த மாதிரி நீண்ட இலைகள், ஓரமெல்லாம் ரம்பப் பல். நான் கையேட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே பாய் போலீஸ் நிலையத்துக்கும் சொல்லிவிட்டார்.

நானும் பாயும், நிலையத்திலிருந்து வந்த மலாய் சார்ஜனும் ஐந்தாம் மாடிக்குப் போனோம். லிஃப்ட் அன்றைக்கு வேலை செய்யவில்லை. கதவைத் திறந்தவர் மின்னணுத் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் ஒரு பெண். தெலுங்குக் குடும்பம். நம்மைவிட நன்றாகத் தமிழ் பேசுவார். ஷிஃப்ட் முடிந்து வந்து தூங்கியவரை எழுப்பிவிட்டோம். சார்ஜன் செடியைக் காட்டி இது என்ன என்று மலாயில் கேட்டார். அந்தப் பெண் எங்கள் மூவரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். வாளியிலிருந்து ஓர் இலையைக் கிள்ளி வாயில் போட்டு மென்றார்.

பாய் பதறிவிட்டார். "சாட்சியத்த திங்குது பாருங்க தம்பி" என்று என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"புளிச்சக்கீர ண்ணே. கோங்கூரா. தொவையல் அரைக்க வெச்சிருக்கேன்" என்றார் அந்தப் பெண், என்னைப் பார்த்து. பிறகு சார்ஜனிடமும் ஓர் இலையை நீட்டினார். அவர் கொஞ்சம் தயங்கி, பிறகு நுனியைக் கடித்தார். புளிப்பு ஏறியதும் முகம் மலர்ந்தது. தன் அம்மா ஊர்ப்பக்கம், கம்பத்தில், மீன் குழம்புக்குப் போடும் இலை இதே மாதிரிதான் புளிக்கும் என்றார். அப்புறம் நடந்தது விசாரணை இல்லை, சமையல் பேச்சு. இறங்கி வரும்போது சார்ஜன் கையில் ஒரு கட்டுக் கீரை இருந்தது. பாய் அந்தக் கட்டையே பார்த்துக்கொண்டு இறங்கினார். கீழே வந்ததும், "நல்லா வெளஞ்சிருக்கு லா" என்றார். மறு வாரம் அந்தப் பெண்ணிடமே கீரை வாங்கி, கடையில் கறிக்குப் பக்கத்தில் துவையல் வைத்தார்.

இவ்வளவு சிரமத்துக்குப் பிறகு எங்களிடம் இருந்த ஆதாரம் ஒரு கட்டுக் கீரை. விண்ணப்பத்துக்கு நாள் நெருங்கியது. போலீஸ் நிலையத்தில் கேட்டு, அக்கம்பக்கத்தில் நடந்த சில கைதுகளைப் பற்றிப் பொதுவாக இரண்டு பத்தி எழுதினேன். மேலதிகாரி சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தார். 'கவலைக்குரிய நிலை' என்பதை அடித்து, 'கவனத்துக்குரிய நிலை' என்று மாற்றினார். 'குடியிருப்பாளர்கள் அஞ்சுகிறார்கள்' என்பது 'குடியிருப்பாளர்கள் விழிப்புடன் உள்ளனர்' ஆனது. அதற்கும் மேலே, அதே மாதம் அழகிய வட்டாரப் போட்டிக்கு நாங்கள் எழுதியிருந்த வாசகங்களிலிருந்து ஒரு பத்தியை எடுத்து முகப்பில் வைக்கச் சொன்னார். 'பல இன மக்கள் ஒற்றுமையாகவும் பாதுகாப்பாகவும் வாழும் முன்மாதிரிக் குடியிருப்பு.'

"அக்கா, இதப் படிச்சா நமக்குக் காசு தர மாட்டாங்க. பரிசுதான் தருவாங்க" என்றேன்.

"அனுப்பு தம்பி. சொல்ற விதத்துல சொன்னா புரிஞ்சுக்குவாங்க" என்றார்.

அவர்கள் மிகச் சரியாகப் புரிந்துகொண்டார்கள். மிகவும் மரியாதையான பதில் வந்தது. எங்கள் வட்டாரத்தின் சிறப்பான நிலைமைக்குப் பாராட்டு, இதே நிலை தொடர வாழ்த்து, நிதி தேவை உள்ள பகுதிகளுக்கு முன்னுரிமை தரப்படுகிறது. மேலதிகாரி அதை இரண்டு முறை படித்துவிட்டு, பாராட்டு வந்த வரியை மட்டும் எனக்கு உரக்கப் படித்துக் காட்டினார். அழகிய வட்டாரப் போட்டியில் ஆறுதல் பரிசாக ஒரு சுவர்க் கடிகாரம் கிடைத்தது.

இதெல்லாம் அடங்கி, நான் வழக்கம்போலக் கொசுவுக்குத் திரும்பியிருந்த நேரம். ஒரு வியாழக்கிழமை மேலதிகாரி வேலைக்கு வரவில்லை. போன் எடுக்கவில்லை. பத்து மணிக்கு மேல் பாய் என்னை அழைத்தார். அவருடைய குரலில் வழக்கமான உற்சாகம் இல்லை. வரிசை வீடுகள் பக்கம் போலீஸ் வந்திருக்கிறது, புவான் வீட்டுக்கு அடுத்த வீடு என்றார்.

நான் போய்ப் பார்த்தபோது தெருவில் பாதிப் பேர் நின்றிருந்தார்கள். மாடி அறைகளிலிருந்து தொட்டி தொட்டியாகச் செடிகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். பெரிய விளக்குகள், காற்றாடிகள், ஜன்னலில் ஒட்டியிருந்த வெள்ளித் தாள், எல்லாம் வந்தன. மாதக்கணக்காக நான் படத்தில் பார்த்த இலையை அன்றுதான் நேரில் பார்த்தேன். அது புளிச்சக்கீரை இல்லை என்று தூரத்திலிருந்தே தெரிந்தது. மேலதிகாரி தன் வீட்டு கேட்டுக்கு உள்ளே, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் அலுவலகத்துக்கு வந்தார். பசியாறப் போகலாம் என்று அவரே என்னைப் பாய் கடைக்குக் கூட்டிப்போனார். ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்து வைத்தாரே தவிரச் சாப்பிடவில்லை. அந்த வீட்டில் வாடகைக்கு இருந்தவர் மாதிரி ஒரு நல்ல மனிதரைத் தான் பார்த்ததில்லை என்று சொல்ல ஆரம்பித்தார். சத்தம் இல்லை, குப்பையைக் கண்ட இடத்தில் போடுவதில்லை. தீபாவளிக்கு முறுக்குக் கொடுத்தால் தட்டை வெறுமனே திருப்பித் தரமாட்டார், பழம் வைத்துத் தருவார். ஏர்கோன் இரவும் பகலும் ஓடியதைக்கூட, பாவம், வெயில் தாங்காத உடம்பு என்று நினைத்தாராம்.

"இது போதாதுன்னு இன்னொன்னும் இருக்கு" என்றார்.

அந்த மனிதர் வெளியூர் போகும்போதெல்லாம் வீட்டைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளச் சொல்வாராம். இவரும் கண்ணும் கருத்துமாகப் பார்த்திருக்கிறார். போன மாதம் இரண்டு ஆட்கள் காடியில் உட்கார்ந்து அந்த வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேலதிகாரி நேராகப் போய்க் கண்ணாடியைத் தட்டி, இங்கே எல்லாம் கௌரவமான ஆட்கள், வேலை இல்லாவிட்டால் கிளம்புங்கள் என்று விரட்டிவிட்டார். நம்பர் பிளேட்டைப் படமெடுத்துக் குழுவிலும் போட்டார். நேற்று அதே இரண்டு ஆட்கள்தான், போலீஸ் அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, முதல் தொட்டியை இறக்கினார்கள். அதில் ஒருவர் இவரைப் பார்த்துத் தலையசைத்து, "செலாமாட் பாகி, புவான்" என்று காலை வணக்கம் சொன்னாராம்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்க உதட்டைக் கடித்தேன். கல்லாவில் இருந்த பாய் சட்டென்று குனிந்து எதையோ தேடினார், அவர் தோள் குலுங்கியது. மேலதிகாரி எங்கள் இருவரையும் பார்த்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவரே சிரித்துவிட்டார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது. துடைக்கத் துடைக்க வந்தது. அது எப்போது அழுகையாக மாறியது என்று எனக்குத் தெரியவில்லை. பாய் ஒரு டிஷ்யூ பெட்டியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, தட்டை எடுத்துக்கொண்டு போனார்.

"என் வீட்டுச் சொவத்துக்கு அந்தப் பக்கம் தம்பி. நான் சாமி கும்புடுற சொவரு அது" என்றார்.

மானியத்துக்கு இரண்டாம் முறை விண்ணப்பிக்க வாய்ப்பு இருந்தது. அதை நான் பேச்சில் எடுக்கவில்லை. அவர்தான் எடுத்தார். அடுத்த வெள்ளிக்கிழமை தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போய்விட்டுத் திருநீற்று நெற்றியோடு வந்து, மண்டபத்தைப் பதிவு செய்யச் சொன்னார். எத்தனை பேருக்குத் தேத்தண்ணீர் சொல்லட்டும் என்று கேட்டேன். இந்தத் தடவை எதுவும் வேண்டாம், வருகிறவர்கள் வரட்டும் என்றார்.

கறிபாப் இல்லாத கூட்டத்துக்குப் பாதிப் பேர்தான் வந்தார்கள். வழக்கம்போல ஒருவர் எழுந்து, தங்கள் புளோக்கில் இதெல்லாம் இல்லை என்று ஆரம்பித்தார். மேலதிகாரி கை உயர்த்தி நிறுத்தினார். மேடையில் இருந்த மைக்கை விட்டுவிட்டு, நாற்காலிகளுக்கு நடுவே வந்து நின்றார். முதலில் மலாயில் சொன்னார், பிறகு தமிழிலும் சொன்னார்.

"என் பக்கத்து வீடு. எல்லாருக்கும் தெரியும். எனக்குத்தான் தெரியல. தெரிஞ்சுக்க நான் விரும்பல. நம்ம பேரு நல்லா இருக்கணும்னு பாத்தேன். அந்த ஆளுக்கும் அதான் வசதியா இருந்துச்சு."

காடியை விரட்டிய கதையையும் விடாமல் சொன்னார். மண்டபம் சிரித்தது. அவரும் நின்று அந்தச் சிரிப்பு முடியக் காத்திருந்தார். பிறகு உட்கார்ந்துவிட்டார்.

கடைசிப் புளோக்கில் இருந்து, முதல் கூட்டத்தில் வரிசை வீடுகளைக் கைகாட்டிய அந்த அம்மா எழுந்தார். தன் தம்பி சிறையில் இருக்கிறான் என்றார். வெளியூரில் வேலை என்று இத்தனை நாள் சொல்லிவந்ததாகவும், பொட்டலம் வாங்கிக் கொடுக்கும் வேலைக்கு அவனை இழுத்தது இதே ஃபிளாட்டில் என்றும் சொன்னார். அவர் உட்காருவதற்குள் இன்னொருவர் எழுந்தார், தன் வீட்டையே ஒருத்தனுக்கு வாடகைக்கு விட்டு ஏமாந்தவர். அதன் பிறகு நான் எழுதுவதற்குள் அடுத்தவர் பேசிவிடுகிற மாதிரி ஆகிவிட்டது. யாரும் அடுத்த புளோக்கைப் பற்றிப் பேசவில்லை. அன்று மாலை மேலதிகாரி சிவப்புப் பேனாவை எடுக்கவே இல்லை. நான் எழுதியதை எழுதியபடியே அனுப்பினோம்.

சில வாரம் கழித்து மானியக் குழுவிலிருந்து மூன்று பேர் நேரில் பார்க்க வந்தார்கள். மேலதிகாரி அவர்களைப் பூங்காவுக்கோ, கடிகாரம் மாட்டிய சுவருக்கோ கூட்டிப்போகவில்லை. இருட்டான பின்சந்து, பூட்டிக் கிடக்கும் வாடகை வீடுகள், பிறகு தன் தெரு. மதியம் பாய் கடையில் சாப்பாடு. குழுவில் இருந்த ஒருவர் துவையலை இரண்டாம் முறை கேட்டு வாங்கினார். அது என்ன கீரை என்று பாய் விளக்கமாகச் சொல்லக் கிளம்பியதை நான் நடுவில் புகுந்து தடுத்தேன்.

பணம் வந்தது, கேட்டதைவிடக் குறைவாக. காமிராக்களை விட்டுவிட்டு விளக்குகளைப் போட்டோம். வீட்டு உரிமையாளர்கள் வாடகைக்கு விடும்போது எதையெல்லாம் கவனிக்கவேண்டும் என்று போலீஸ்காரர்களை வைத்து ஒரு வகுப்பு நடத்தினோம். காடியில் உட்கார்ந்திருந்த அந்த இருவரில் ஒருவர்தான் பேச வந்தார். மேலதிகாரி முன்வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுத்தார்.

மீதியில் மண்டபத்துக்குப் பக்கத்து அறையில், சனிக்கிழமை காலைகளில் ஓர் ஆலோசகரை உட்காரவைத்தோம். வீட்டில் யாருக்காவது இந்தப் பழக்கம் இருந்தால் வந்து பேசலாம். முதல் மாதம் ஒருவரும் வரவில்லை. ஆலோசகர் பாவம், குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். வராததற்குக் காரணம் எல்லாருக்கும் தெரியும். அந்தக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போவதை யாராவது பார்த்துவிட்டால், மதியத்துக்குள் ஃபிளாட் முழுக்கப் பேச்சாகிவிடும்.

மேலதிகாரி ஒரு வாரம் யோசித்து, அதே நேரத்தில் மண்டபத்தில் இலவச ஸும்பா நடன வகுப்பு வைத்தார். இரண்டுக்கும் ஒரே வாசல். பாட்டுச் சத்தம் வெளியே பாசார் கடைகள்வரை கேட்கும். யார் ஆட வந்தார்கள், யார் நடுவில் நழுவிப் பக்கத்து அறைக்குப் போனார்கள் என்று யாருக்கும் தெரியாது. இரண்டாம் சனிக்கிழமை ஒரு தகப்பன் ஸும்பாவுக்கு வந்தார். வேட்டியும் சட்டையுமாக வந்திருந்தார். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் ஓரமாக நின்று கையை ஆட்டிவிட்டு, பக்கத்து அறைக்குள் போனார். வெளியே வர வெகுநேரம் ஆனது.

ஆட ஆள் குறைந்தால் மறைப்பும் குறையும் என்று மேலதிகாரி என்னையும் வரச் சொல்லிவிட்டார். எனக்குக் காலும் கையும் ஒன்றுக்கொன்று பேசிக்கொள்வதில்லை. பாய் கடையைத் தன் தம்பியிடம் விட்டுவிட்டு வந்து, எனக்குப் பின்னால் நின்று என்னைவிட மோசமாக ஆடுகிறார். மேலதிகாரி முதல் வரிசை, காலில் புது ரப்பர் சப்பாத்து, வியர்வை வழிய வழிய ஆட்டம். ஆசிரியை இடது என்றால் வலது பக்கம் போகிறார். போன வாரம் ஆலோசகர் அறைக் கதவு நான்கு முறை திறந்தது. ஒவ்வொரு முறையும் அவர் பாட்டை இன்னும் கொஞ்சம் சத்தமாக வைக்கச் சொன்னார்.